உளவியல் சிகிச்சையும் தாய்மொழியும்: துவாரகாவிலிருந்து ஒரு குறிப்பு

சற்றே நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன். இதில் வரும் அம்மையாரின் இசைவைப் பெற்றும், அவரை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை மாற்றியும் எழுதுகிறேன். என்னைப் பற்றியவற்றில் எதையும் மாற்றவில்லை.

துவாரகாவில் என் பெரியப்பா மகன் வீட்டின் பின்னறையில் தங்கி ஆய்வு செய்துவருகிறேன். அதே அடுக்ககத்தின் நான்காம் தளத்தில் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஓர் அம்மையார் தம் மகன் குடும்பத்தோடு வாழ்கிறார். கணவர் இறந்து ஓராண்டுக்கு மேலாகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, தாயைத் தனியே விட மனமின்றி மகன் இங்கே அழைத்துவந்துவிட்டார். மகன் நல்லவர், மருமகளும் அவ்வாறே. பேரக்குழந்தை பாட்டியை விட்டு நகர்வதில்லை. எனினும் அம்மையாருக்கு உறக்கம் போயிற்று, உணவு குறைந்தது. நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டே இருக்கிறது என்றார். இதயத்துக்கான சோதனைகள் அனைத்தும் எடுக்கப்பட்டன. எல்லாம் சீராக உள்ளன என்று அறிக்கைகள் வந்தன. உளவியலாளர் ஒருவரைப் பார்க்கும்படி இதய மருத்துவர் பரிந்துரைத்தார்.

அம்மையாருக்கு இந்தி தெரியாது. மகன் உடனிருந்தால் அவர் மனம்விட்டுப் பேசமாட்டார் என்று மருமகள் கருதினார். ஆகவே மொழிபெயர்ப்பாளனாக நான் சென்றேன்.

உளவியலாளர் கனிவான பெண்மணி. இந்தியும் ஆங்கிலமும் பேசுபவர். என்ன செய்கிறது என்று அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அம்மையார் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குன்னு ஒரு வாசல் இல்லாமப் போச்சு தம்பி" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நான் பாழாக்கிய கதையைச் சொல்லத்தான் இப்பதிவைத் தொடங்கினேன். கதவு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அதை மொழிபெயர்த்தேன். அவருக்குத் தனியறை தரப்படவில்லையா என்று உளவியலாளர் கேட்டார். தனியறை உண்டு, கதவும் உண்டு. பிறகு நான் விளக்க முற்பட்டேன். வாசல் என்பது விடியலில் நீர் தெளித்துக் கோலமிடும் இடம், தெருவில் போவோர் வருவோரிடம் நலம் கேட்கும் இடம், கணவரின் உடல் கடைசியாகக் கிடத்தப்பட்ட இடமும் அதுவே என்றெல்லாம் சொல்லி முடிக்கப் பத்து நிமிடங்கள் ஆயின. அதற்குள் அம்மையார் பேச்சை நிறுத்தியிருந்தார். அடுத்து, மணவாழ்க்கை எப்படி இருந்தது என்ற கேள்வி வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்றார். ஏதோ இருக்கிறது என்பதும், அது மகன் வயதுள்ள ஒருவனிடம் சொல்லக்கூடியதன்று என்பதும் எனக்கு விளங்கின. அந்த உளவியலாளருக்கும் விளங்கியிருக்க வேண்டும். குறிப்பேட்டை மூடிவிட்டு, இதை உங்கள் வழியாகச் செய்ய முடியாது, தமிழ் பேசும் ஒருவரைத் தேடுங்கள் என்றார். அன்றைய கட்டணத்தையும் வாங்க மறுத்துவிட்டார்.

தில்லியில் தமிழருக்கு என்ன குறை? தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தொடங்கப்பட்டது. தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் இருக்கிறது. துவாரகாவிலேயே முருங்கைக்காயும் இட்லி மாவும் கிடைக்கின்றன. ஆயினும் தமிழில் அமர்வு நடத்தும் பதிவு பெற்ற ஓர் உளவியலாளரைக் கண்டறிய எனக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. கிடைத்தவரும் சென்னையில் இருப்பவர். காணொளி வழியே பேசுபவர்.

உளவியல் சிகிச்சை, அதாவது இன்று எல்லோரும் தெரபி என்று சொல்வது, பித்தேறியவர்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்திருக்கிறது. சென்னையில் 1794இல் தோன்றிய மனநல மருத்துவமனையை, கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை வைத்தே திரைப்படங்கள் கேலிப்பொருளாக்கின. இந்தி பேசுவோருக்கு ஆக்ராவும் ராஞ்சியும் அவ்வாறே பயன்பட்டன. இதற்கு நேரெதிராக இப்போது மற்றொரு கூட்டம் பெருகியிருக்கிறது. எல்லாத் துன்பங்களுக்கும் தெரபிதான் தீர்வு என்று அரைநிமிடக் காணொளிகளில் அது முழங்குகிறது. இரண்டாலும் பயனில்லை. உண்மையில் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருவர் சொன்னால் இன்னொருவருக்கு அச்சம் குறையலாம். எனவே என் கதையைச் சொல்கிறேன்.

ஆய்வின் நான்காம் ஆண்டில், ஓர் இயல் கடுமையான குறிப்புகளோடு திரும்பி வந்தது. அதற்குப் பின் பத்தொன்பது நாள்கள் நான் மின்னஞ்சலைத் திறக்கவில்லை. சோம்பல் என்றே நினைத்தேன். வீட்டாரும் அப்படியே நினைத்தார்கள். திறந்தால் மறுபடியும் அவமானம் நேரும் என்ற அச்சம். திறக்காததனால் சேரும் வேலை. சேர்ந்த வேலையைப் பார்க்க மேலும் அச்சம். இரவு முழுவதும் கைப்பேசி, பகல் முழுவதும் உறக்கம். ஊரிலிருந்து அம்மா அழைத்தால், நூலகத்தில் இருக்கிறேன் என்று பொய். நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால்தான் சிகிச்சைக்குச் சென்றேன்.

அறிவுரை கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கிடைக்கவில்லை. முதல் இரண்டு அமர்வுகளில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் அமர்வில் ஒரு தாளைக் கொடுத்து, வாரம் முழுவதும் ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தேன், அப்போது மனநிலை பத்துக்கு எத்தனை என்று எழுதிவரச் சொன்னார். சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. எழுதிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நான் ஓய்வு என்று நினைத்த கைப்பேசி நேரங்களில்தான் மனநிலை மிகவும் தாழ்ந்திருந்தது. பால் வாங்கக் கடைக்கு நடந்த கால்மணி நேரத்தில் அது உயர்ந்திருந்தது. மனம் சரியானால் வேலை செய்யலாம் என்று நான் காத்திருந்தேன். சிறு செயல் ஒன்றைத் தொடங்கினால் மனம் பின்னாலேயே வரும் என்பது அவர் காட்டிய வழி. முதல் வாரத்துப் பணி மின்னஞ்சலைத் திறப்பது மட்டும். படிக்க வேண்டியதில்லை, திறந்து மூடினால் போதும். சிரிப்பு வந்தது, ஆனால் அன்று கை நடுங்கியது.

பின்னர் எண்ணங்களுக்கு வந்தோம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மருத்துவர் 1960களில் கவனித்த செய்தி இது. அவர் உளப்பகுப்பாய்வில் பயின்றவர். மனச்சோர்வுற்றோரின் உள்ளத்தில் தம்மைப் பற்றிய இழிவான எண்ணங்கள் தாமாகவே, மின்னல் வேகத்தில் எழுவதையும், அவற்றை அவர்கள் ஐயுறாமல் நம்பிவிடுவதையும் கண்டார். அந்த எண்ணங்களைத் தாளில் எழுதிச் சான்று கேட்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. உரைகளில் பாடவேறுபாடு பார்ப்பவனுக்கு இது புதிதல்ல. "குறிப்புகள் கடுமையாக உள்ளன" என்பது மூலம். "ஆகவே நீ ஆய்வுக்குத் தகுதியற்றவன்" என்பது நான் சேர்த்த இடைச்செருகல். நான்கு ஆண்டுகளாக அடுத்தவர் ஏடுகளில் இடைச்செருகல் தேடியவனுக்குத் தன் ஏட்டில் இருந்தது தெரியவில்லை.

பன்னிரண்டு அமர்வுகள். கண்ணீரும் ஞானோதயமும் திரைப்படங்களில் வருவதுபோல் வரவில்லை. உறக்கம் மெல்லத் திரும்பியது. இயலைத் திருத்தி அனுப்பினேன். என் அமர்வுகள் ஆங்கிலத்தில் நடந்தன. என் அவமானமும் ஆங்கில மின்னஞ்சல்களில் நேர்ந்ததால் பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது. எட்டாம் அமர்வில்தான் மொழி கைவிட்டது. "அப்பா என்னிடம் பேசமாட்டார்" என்று சொல்ல முயன்றேன். ஆங்கிலத்தில் அது சினமாகவும் பகையாகவும் ஒலித்தது. என் தந்தை பகைவர் அல்லர். நான் எதிரில் அமர்ந்திருக்கும்போதே அம்மாவிடம், "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்பவர். அந்தக் கேள்வியில் இருக்கும் அன்பையும் தொலைவையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஆங்கிலம் உதவவில்லை.

என் ஆய்வு தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் உரைகளைப் பற்றியது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பர். எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் ஒன்று. அது தோன்றுதற்கு நான்கு நிலைக்களன்களை அந்நூல் சொல்கிறது: பிறரால் இழிவுறுதல், இழப்பு, முன்பிருந்த நிலை குலைதல், வறுமை. மூன்றாவதற்கு அசைவு என்று பெயர். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துவாரகா அடுக்ககத்தின் நான்காம் தளத்தில்தான் அசைவு என்ற சொல் விளங்கிற்று. கணவரை இழந்ததற்கு அம்மையார் அழுதார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஒரே மாதத்தில் இரண்டு களன்களில் நின்றார். கணவரோடு வாசலும் தெருவும் மொழியும் தன் அடுப்பும் போயின. இந்த நான்கில் எதுவும் நோயன்று என்பதையும் கவனிக்க வேண்டும். உளவியலாளரிடம் வருவோரில் பெரும்பாலோர் கொண்டுவருவதும் இவற்றையே: பணியிடத்தில் இழிவு, மரணம், மணமுறிவு, இடப்பெயர்ச்சி, கடன்.

ஊரில் துக்கத்துக்கு ஒரு வடிவம் இருந்தது. ஒப்பாரியில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். இறந்தவர் மீதுள்ள குறையைக்கூட அந்தப் பாட்டுக்குள் சொல்ல இடமிருந்தது. அடுக்ககத்தில் உரக்க அழுதால் பாதுகாவலர் மேலேறி வருவார். "அழாதீங்கம்மா" என்று மகன் சொல்வது அன்பினால்தான். ஆனால் ஓராண்டாக அவர் கேட்ட ஒரே மறுமொழி அதுதான். நண்பர்களும் உறவினரும் இருக்க உளவியலாளர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுவே: நம்மை நேசிப்பவர்களால் நம் அழுகையைப் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. நிறுத்தவே முயல்வார்கள். தமக்கென எதையும் வேண்டாமல் அதைக் கேட்டு முடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் தேவைப்படுகிறார்.

என் தோழர்களிடமிருந்து வரும் மறுப்பு வேறு வகையானது. சாதி இழிவையும் வேலையின்மையையும் தனிமனிதனின் மனக்கோளாறாக மாற்றி, அவனைத் தாளில் மதிப்பெண் போடச் சொல்லும் சூழ்ச்சியே தெரபி என்கிறார்கள். இம்மறுப்பைப் புறந்தள்ள மாட்டேன். விடுதியில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்ட மாணவனிடம், உன் எண்ணத்தைச் சோதித்துப் பார் என்று ஓர் ஆலோசகர் சொல்வாரானால் அது கொடுமை. அங்கே சோதிக்க வேண்டியது நிறுவனத்தை. ஆயினும் ஃபிரான்ஸ் ஃபானோனை இத்தோழர்கள் என்னைவிட மிகுதியாக மேற்கோள் காட்டுபவர்கள். அவர் 1953 முதல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் மருத்துவராக இருந்தார். காலனிய ஆட்சியே நோயை உண்டாக்குகிறது என்று உணர்ந்து 1956இல் பதவி விலகினார். விலகும் வரையிலும், விலகித் துனிசியா சென்ற பின்னரும், நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்துக்கொண்டுதான் இருந்தார். விடுதலை வரும்வரை உறங்காதிருங்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை. உறக்கம் திரும்பிய பிறகுதான் எனக்கும், கிடைத்த குறிப்புகளில் எது நியாயம், எது வெறும் அதிகாரம் என்று பிரித்து, இரண்டாவதற்கு எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கத் தெம்பு வந்தது.

உலக அளவில் ஆய்வு மாணவர் நிலையைப் பற்றி 2018இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் 39 விழுக்காட்டினர் நடுத்தர அல்லது கடுமையான மனச்சோர்வு நிலையில் இருந்தனர். தாமாக முன்வந்து விடையளித்தவர்களின் கணக்கு என்பதால் ஓரளவு கூடுதலாகவே இருக்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் ஆய்வகத்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருக்கிறார்.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான சிக்கல்கள் உடையோரில் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. அறியாமை ஒரு காரணம். அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பணத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நான் விசாரித்த இடங்களில் ஓர் அமர்வுக்கு ரூ.1,200 முதல் ரூ.3,000 வரை கேட்டார்கள். எனக்கு அப்போது கிடைத்தது நெட் உதவித்தொகை பெறாத ஆய்வாளர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்கள் தரும் மாதம் ரூ.8,000. என் உளவியலாளர் நிலைமையைக் கேட்டு அமர்வுக்கு ரூ.600 பெற்றுக்கொண்டார். அவ்வாறு குறைத்துக்கொள்வோர் பலர் உண்டு. தயங்காமல் கேட்க வேண்டும்.

அரசு நிறுவனமான இப்காஸ் தில்ஷாத் கார்டனில் இருக்கிறது. துவாரகாவுக்கு நகரின் மறுகோடி. நீலத் தடத்தில் ராஜீவ் சௌக், மஞ்சள் தடத்தில் காஷ்மீரி கேட், சிவப்புத் தடத்தில் தில்ஷாத் கார்டன் என்று மூன்று வண்டிகள் மாற வேண்டும். மனநலச் சேவை பெறுவதை உரிமையாக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் நம் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருபவை. வாரம் ஒருமுறை நாற்காலியில் அமர்ந்து பேசுவதற்கு அவற்றில் இடமில்லை.

பணமும் மொழியும் ஒருசேரத் தடுக்கும்போது என்ன செய்வது? இதற்கு இந்தியாவிலேயே ஒரு விடை இருக்கிறது. கோவாவில் 1996இல் தொடங்கப்பட்ட சங்காத் என்ற அமைப்பு, மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர் மக்களைத் தேர்ந்து பயிற்சியளித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தியது. நான் செய்த அதே செயலூக்க முறையை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அவர்கள் உள்ளூர் மொழியில் நடத்தினார்கள். கடுமையான மனச்சோர்வுடைய 495 பேரிடம் நடந்த சோதனை 2017இல் 'லான்செட்' இதழில் வெளியானது. மூன்று மாத முடிவில் இச்சிகிச்சையையும் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரும் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006இல் பாட்டிமார்களைப் பயிற்றுவித்து, சுகாதார நிலையங்களின் வெளியே மரப்பலகையில் அமர்த்தினார். அங்கே மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அளவுக்கு மீறி யோசித்தல் என்று பொருள்படும் ஷோனா மொழிச் சொல்லையே வழங்குகிறார்கள். "ராத்திரியெல்லாம் ஒரே யோசனை" என்று நம் பெண்கள் சொல்வதும் அதுதானே? நாமோ செய்தித்தாள்களில் மனச்சோர்வுக்கும் அன்றாட நெருக்கடிக்கும் சேர்த்து மன அழுத்தம் என்ற ஒரே சொல்லை எழுதிக்கொண்டிருக்கிறோம். எது எதுவென்று வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

தில்லியிலுள்ள தமிழ் அமைப்புகள் பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் செய்யும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, தகுதிபெற்ற உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் பத்துத் தமிழ்ப் பெண்களுக்கு இத்தகைய பயிற்சி தர முடியாதா? ஒரு சிற்றறையும் கதவும் இருந்தால் போதும். நான் விழாக்களுக்கு எதிரானவன் அல்லன். ஆண்டுதோறும் பந்தியில் முதல் வரிசையில் அமர்பவன்.

இரண்டு எச்சரிக்கைகள். யார் வேண்டுமானாலும் ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ளும் நிலை இங்கே உண்டு. மருத்துவ உளவியலாளர் என்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது நாகரிகக் குறைவன்று. அடுத்து, பேச்சால் மட்டும் தீராதவை உண்டு. இல்லாத குரல்கள் கேட்பவர், பல நாள்கள் உறக்கமின்றி அளவுக்கு மீறிய ஊக்கத்தோடு திரிபவர், வாழவேண்டாம் என்ற எண்ணம் உடையவர் ஆகியோரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மருந்து வேண்டியிருக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, மொழியைத் தேர்ந்துகொள்ளலாம்.

அம்மையாருக்கு இப்போது வியாழன்தோறும் பதினொரு மணிக்கு அமர்வு. மகனும் மருமகளும் பணிக்குச் சென்றிருப்பார்கள், குழந்தை பள்ளியில் இருக்கும். கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு கதவைத் தாழிடுகிறார். உள்ளே என்ன பேசுகிறார் என்று நான் கேட்டதில்லை. நெஞ்சடைப்பு முற்றிலும் போய்விடவில்லை என்றும், இரவில் நான்கு மணி நேரமாவது தூங்குவதாகவும் சொன்னார். நான்காம் தளத்தில் மின்தூக்கிக்கு எதிரே காலையில் ஒரு சிறு கோலம் காணப்படுகிறது. துப்புரவுப் பணியாளர் ஒன்பது மணிக்கு அதைத் துடைத்துவிடுகிறார். துடைக்க வேண்டாம் என்று அவரிடம் இந்தியில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவன் வேலைய அவன் பாக்குறான் தம்பி, விடுங்க" என்றார்.

தில்லி, குருகிராம், நொய்டா பகுதிகளில் தமிழில் அமர்வு நடத்தும் பதிவு பெற்ற உளவியலாளர்களை அறிந்தவர்கள் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். அவர்களின் இசைவு பெற்றபின் பதிவு எண், இடம், கட்டணம், கட்டணக் குறைப்பு உண்டா என்ற செய்திகளோடு பட்டியல் ஒன்றைத் தொகுத்துவருகிறேன். இதுவரை மூன்று பெயர்கள் சேர்ந்துள்ளன.